வைப்ரேட்டோ பெடல்: வெறுங்காலால் மிதித்துப் பார்த்து வாங்க வேண்டிய கருவி

ஊர்க் கோயில்களின் கொடை விழா மேடைகளிலும், ஞாயிற்றுக்கிழமைகளில் பாளையங்கோட்டையில் எங்கள் ஆலயப் பாடகர் குழுவிலும் எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவன் நான். காலால் மிதித்தால் கிட்டாரின் சுருதியை மெல்ல ஏற்றி இறக்கி அலைபோல் ஆட்டும் வைப்ரேட்டோ பெடல்கள் மூன்றை மாறி மாறிப் பயன்படுத்திப் பார்த்த பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். இந்தப் பெடலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அலை எவ்வளவு ஆழமாக ஆடுகிறது, எவ்வளவு வேகமாக ஆடுகிறது என்ற இரண்டையே பேசுகிறார்கள். அந்த இரண்டையும் எந்தப் பெடலும் ஓரளவு செய்துவிடும். ஒரு ஸ்வரத்துக்குள் அலை எப்படி வந்து நுழைகிறது, காலை எடுத்ததும் எப்படி விலகுகிறது என்பதில்தான் நல்ல பெடலும் சுமாரான பெடலும் பிரிகின்றன என்பது என் முடிவு.

முதலில் நான் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதே ஏமாற்றம் இன்றும் பலருக்கு நேர்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் வைப்ரேட்டோ பெடல் கேட்டேன். கடைக்காரர் உள்ளேயிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்து தந்தார். வீட்டில் இணைத்துப் பார்த்தபோது சத்தம் கூடிக் குறைந்ததே தவிர, சுருதி இம்மியும் அசையவில்லை. மறுநாள் திரும்பப் போய், "அண்ணாச்சி, இது சத்தத்தத்தான் ஆட்டுது, சுதி ஆடலியே" என்றேன். அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதான் தம்பி, பேருதான் வேற" என்றார். என்னிடம் இருந்தது ட்ரெமோலோ பெடல். அதை மாற்றித் தரவும் அவர் இசையவில்லை.

அவரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. இந்தக் குழப்பத்துக்கு வயது எழுபதுக்கு மேல். 1954-இல் ஃபெண்டர் நிறுவனம் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் சுருதியை ஏற்றி இறக்கும் கைப்பிடிக்கு ட்ரெமோலோ என்று பெயர் வைத்தார்கள். அதே நிறுவனம் 1960-களில் விற்ற டீலக்ஸ் ரிவெர்ப் என்ற ஆம்ப்பில் (கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி) சத்த அளவை மட்டும் ஆட்டுகிற வசதிக்கு வைப்ரேட்டோ என்று எழுதினார்கள். அதாவது இரண்டு பெயர்களும் இடம் மாறி உட்கார்ந்துவிட்டன. சத்தம் ஏறி இறங்கினால் ட்ரெமோலோ, சுருதி ஏறி இறங்கினால் வைப்ரேட்டோ என்பதை மனத்தில் உறுதியாக வைத்துக்கொண்டு, பெட்டியின் மேல் என்ன எழுதியிருந்தாலும் காதால் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

சுருதியை ஒரு பெடல் எப்படி ஆட்டுகிறது என்பதைத் திருச்செந்தூர் ரயில் பாதையில் ஏதாவது ஒரு கேட்டருகே நின்றவர்கள் எளிதில் புரிந்துகொள்ளலாம். ரயில் நம்மை நோக்கி வரும்போது ஹார்ன் சற்று உயர்ந்த சுருதியில் கேட்கிறது. நம்மைக் கடந்து போனதும் சட்டென்று தாழ்ந்து கேட்கிறது. ஒலி நம் காதுக்கு வந்து சேர எடுத்துக்கொள்ளும் நேரம் குறைந்துகொண்டே வந்தால் சுருதி ஏறும், கூடிக்கொண்டே போனால் இறங்கும். வைப்ரேட்டோ பெடல் கிட்டாரின் ஒலியைச் சில மில்லிவினாடிகள் தாமதப்படுத்தி, அந்தத் தாமதத்தை ஓயாமல் கூட்டியும் குறைத்தும் இதே விளைவை உண்டாக்குகிறது. பழைய முறைப் பெடல்களில் இந்த வேலையைச் செய்வது 1969-இல் பிலிப்ஸ் நிறுவனத்தில் உருவான ஒரு வகைச் சுற்று. வீட்டுக்குக் கான்கிரீட் போடும்போது ஆட்கள் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்புவதுபோல, அந்தச் சுற்று மின்னூட்டத்தை ஒரு மின்தேக்கியிலிருந்து அடுத்ததற்குத் தள்ளிக்கொண்டே போகிறது. கைமாற்றும் வேகம் கூடினால் தாமதம் குறைகிறது, வேகம் குறைந்தால் தாமதம் நீள்கிறது. அந்த வேகத்தை மெல்ல அசைப்பதுதான் பெடலின் முழு வேலையும்.

இந்த அமைப்பிலிருந்து வாசிப்பவருக்கு உடனே பயன்படக்கூடிய ஒரு செய்தி கிடைக்கிறது. தாமதம் அரை மில்லிவினாடி கூடியும் குறைந்தும் ஆடுகிறது, அது வினாடிக்கு 5 முறை நிகழ்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது சுருதி ஏறத்தாழ 27 சென்ட் மேலும் கீழும் போய் வரும். 100 சென்ட் சேர்ந்தது ஓர் அரைச் சுரம். ஆழத்துக்கான குமிழைத் தொடாமல் வேகத்தை மட்டும் வினாடிக்கு 10 ஆக்கினால், சுருதி விலகல் ஏறத்தாழ 54 சென்டாகிவிடும், அதாவது அரைச் சுரத்தில் பாதிக்கும் மேல். வேகக் குமிழைத் திருப்பியதும் பாட்டே சுருதி விட்டுப்போனதுபோல் கேட்பதற்கு இதுதான் காரணம். வேகத்தைக் கூட்டும் கை அதே நேரத்தில் ஆழத்தைக் குறைக்கப் பழக வேண்டும். நான் முதல் மாதம் முழுவதும் இதை அறியாமல் பெடலைத்தான் சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

விரலாலேயே அதிர்வு கொடுக்க முடியும்போது பெடல் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எலக்ட்ரிக் கிட்டாரில் கம்பியைக் குறுக்கே இழுத்து அசைக்கும்போது சுருதி மேல்நோக்கி மட்டுமே போய்த் திரும்பும். இருந்த இடத்துக்குக் கீழே இறங்காது. பெடலோ ஸ்வரத்தை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் சமமாக ஆடுகிறது. மனிதக் குரலில் பயின்ற பாடகர்கள் கொடுக்கும் அதிர்வும் ஏறத்தாழ வினாடிக்கு 5 முதல் 7 வரையான அசைவாக, இரு பக்கமும் போய் வருவதுதான். மேலும், விரல் படாத திறந்த கம்பியில் விரலால் அதிர்வு கொடுப்பது இயலாது. ஆறு கம்பிகளும் சேர்ந்து பல ஸ்வரங்களை ஒன்றாக ஒலிக்கும் கார்டு முழுவதையும் ஒரே சீராக அசைப்பதும் இயலாது. கைப்பிடி உள்ள கிட்டார் அதைச் செய்யும் என்பது உண்மைதான். ஆனால் விலை குறைந்த கிட்டார்களில் கைப்பிடியை நாலு முறை அழுத்தினால் சுருதி கலைந்துவிடுகிறது, கொடை மேடையில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே சுருதி சேர்க்க யாரும் நேரம் தருவதில்லை.

அதே சமயம், இந்தப் பெடலை வாங்கினால் கமகம் வந்துவிடும் என்று நம்பி யாரும் பணம் செலவழிக்க வேண்டாம். காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரத்தைக் கேட்டு வளர்ந்த மண் இது. அவர் ஒரு ஸ்வரத்தை அசைக்கும்போது அந்த அசைவு எங்கே தொடங்கி எந்த ஸ்வரத்தைத் தொட்டுத் திரும்புகிறது என்பது ராகத்தின் கட்டளை. ஒவ்வோர் அசைவும் முந்தியதைப்போல் இருக்காது. பெடலுக்கு ராகம் தெரியாது. அது எல்லா ஸ்வரங்களையும் ஒரே அளவில், ஒரே வேகத்தில் அசைக்கும். ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கம்பிதம் என்ற கமகத்தை விரலில்தான் பழக வேண்டும். பெடலின் இடம் வேறு: நீண்டு நிற்கும் ஒரு ஸ்வரத்தின் கடைசிப் பகுதியில், அல்லது மெதுவாக அடித்து விட்டுவிட்ட ஒரு கார்டின் மேல், உயிர் வந்ததுபோல் ஒரு மெல்லிய அசைவைச் சேர்ப்பது.

அந்த அசைவு உயிர் வந்ததுபோல் தோன்றுவதா, இயந்திரம் ஓடுவதுபோல் தோன்றுவதா என்பதை முடிவு செய்வது ரைஸ் டைம் என்ற குமிழ். நல்ல பாடகர் ஸ்வரத்தைப் பிடித்ததும் அசைக்கமாட்டார். முதலில் நேராக நிறுத்துவார். சுருதி சேர்ந்தது என்று கேட்பவர் காது ஒப்புக்கொண்ட பிறகு மெல்லத் தொடங்கி, வரவர விரிப்பார். ரைஸ் டைம் அதைத்தான் செய்கிறது. பெடலை மிதித்த கணத்தில் ஆழம் சுழியமாக இருந்து, குமிழ் காட்டும் நேரத்துக்குள் படிப்படியாக முழு அளவை எட்டுகிறது. இதோடு அன்லாட்ச் என்ற முறையும் இருக்க வேண்டும். காலை வைத்திருக்கும்வரை மட்டும் அலை இருக்கும், காலை எடுத்தால் போய்விடும். இந்த இரண்டும் இல்லாத பெடலை, மற்றபடி அது எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும், நான் வைப்ரேட்டோவுக்காக வாங்கமாட்டேன்.

இந்த இரண்டையும் முதன்முதலில் நான் ஒழுங்காக அனுபவித்தது பாஸ் நிறுவனத்தின் விபி-2டபிள்யூ பெடலில். சென்னையில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்து, சில வாரங்கள் என்னிடம் விட்டுப்போனார். 1982-இல் வெளிவந்து 1986 வரை மட்டுமே தயாரிக்கப்பட்ட விபி-2 என்ற நீல நிறப் பெடலை, 2016-இல் வாசா கிராஃப்ட் வரிசையில் மீண்டும் உருவாக்கியதுதான் இது. நான்கு ஆண்டுகளோடு நின்றுபோன பெடல் என்பதால் பழையதைத் தேடி அலைபவர்கள் மிக அதிக விலை கொடுக்க வேண்டியிருந்தது. புதியது வந்ததால் அந்தத் தேடல் தேவையற்றதாகிவிட்டது. வேகம், ஆழம், ரைஸ் டைம் என்று மூன்று குமிழ்கள். பைபாஸ் (அலையே இல்லை), லாட்ச் (ஒருமுறை மிதித்தால் அலை தொடரும், மறுமுறை மிதித்தால் நிற்கும்), அன்லாட்ச் என்று மூன்று நிலைகள் கொண்ட நான்காவது குமிழ். பழைய ஒலிக்கும் புதிய ஒலிக்கும் இடையே மாற்ற ஒரு சிறு சுவிட்ச்.

ஒரு கொடையில், சேரன்மகாதேவிப் பக்கம், இதை வைத்து வாசித்த இரவை மறக்க முடியவில்லை. மெல்லிசைப் பாட்டு ஒன்றின் கடைசி வரி முடிந்து, தபேலாவும் நின்றுவிட்டது. நான் இரண்டாவது கம்பியில் ஒரே ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தியிருந்தேன். ரைஸ் டைம் குமிழை நடுவுக்குச் சற்று மேலே வைத்திருந்தேன். பெடலின் ரப்பர் பரப்பைக் கால் பெருவிரலின் அடிச்சதையால் மெதுவாக அழுத்தியபோது, ஸ்வரம் முதலில் அசையாமல் நின்றது, பிறகு நீரில் விழுந்த இலைபோல லேசாகத் தளும்பியது, அதன் பிறகுதான் முழு அலை வந்தது. காலைத் தூக்கியபோது அலை ஓய்ந்து ஸ்வரம் மறுபடி நேராகி அடங்கியது. பக்கத்தில் நின்ற பாடகர் திரும்பிப் பார்த்தார். அந்த அளவுக்கு அது வாத்தியத்தின் ஒலியாக இல்லாமல் குரலின் ஒலியாக இருந்தது.

பெஹ்ரிங்கர் யூவி300 நான் சொந்தமாக வாங்கிய முதல் சரியான வைப்ரேட்டோ பெடல். பழைய விபி-2-இன் அமைப்பை அப்படியே பின்பற்றி, வேகம், ஆழம், ரைஸ், மூன்று நிலைகள் என்று அதே ஏற்பாட்டைத் தருகிறது. விலையோ பாஸ் பெடலின் விலையில் மிகச் சிறிய பங்கு. ஒலியைப் பொறுத்தவரை, கொடை மேடையின் ஸ்பீக்கர் வழியாக வரும்போது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டத்தில் யாராலும் சொல்ல முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். வீட்டில் ஹெட்போனில் கேட்டால் பாஸ் பெடலின் அலை இன்னும் உருண்டையாக இருப்பது தெரியும். உடல் முழுவதும் பிளாஸ்டிக். வேனில் மைக்செட் பெட்டிகளுக்கு இடையே போட்டுக்கொண்டு போகிறவர்கள் அதற்குத் தகுந்தபடி தனியாகத் துணி சுற்றி வைக்க வேண்டும். பேட்டரி மாற்ற மிதியின் கீல்களைப் பேனா முனையால் உள்ளே அழுத்தித் திறக்க வேண்டியிருப்பது இருட்டான மேடையில் செய்யக்கூடிய வேலை அன்று. அடாப்டரையே பயன்படுத்துவது நல்லது. இந்த ஒலி தன் வாசிப்புக்குத் தேவைதானா என்று இன்னும் முடிவு செய்யாதவர், குறைந்த செலவில் சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான பெடல் எனக்குத் தெரியவில்லை.

டிசி எலக்ட்ரானிக் ஷேக்கர் டிஜிட்டல் முறையில் வேலை செய்வது. வேகம், ஆழம், ரைஸ் டைம் ஆகியவற்றோடு டோன் என்ற நான்காவது குமிழும் உண்டு. அது அலையின் கூர்மையை மழுக்கிப் பழைய பெடலின் மங்கலான நிறத்தைத் தருகிறது. டோன்பிரிண்ட் என்ற வசதியின் வழியாக, செல்போனைக் கிட்டாரில் கம்பிகளின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் அருகே பிடித்து ஒரு புதிய அமைப்பைப் பெடலுக்குள் அனுப்பலாம். அணைத்து வைத்திருக்கும்போது கிட்டாரின் ஒலியைத் தொடாமல் நேராகக் கடத்துவது இதன் சிறப்பு. வீட்டில் உட்கார்ந்து பதிவு செய்கிறவர்களுக்கு இந்த மூன்றில் மிகவும் வசதியானது இதுதான் என்பேன்.

ஆனால் நான் வாசிக்கும் மேடைகளுக்கு அது பொருந்தவில்லை. அதற்கான காரணம் எந்த வெளிநாட்டு மதிப்புரையிலும் என் கண்ணில் பட்டதில்லை. நம்முடைய கோயில் மேடையில் செருப்போடு ஏற முடியாது. ஆலயத்திலும் எங்கள் குழுவினர் செருப்பை வாசலிலேயே விட்டுவிடுகிறோம். ஷேக்கரில் காலால் அழுத்துவதற்கு இருப்பது சிறிய வட்ட உலோகப் பொத்தான். ஷூ அணிந்தவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. வெறுங்காலால் ஒருமுறை தட்டிவிட்டு எடுக்கவும் சிரமமில்லை. ஆனால் வைப்ரேட்டோவை நான் சொன்ன முறையில் வாசிக்க வேண்டுமானால், ஒவ்வொரு நீண்ட ஸ்வரத்துக்கும் அந்தப் பொத்தானை இரண்டு, மூன்று வினாடிகள் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். மூன்று மணி நேரக் கச்சேரியில் உள்ளங்காலில் அந்த வட்டம் பதிந்து சிவந்துவிடுகிறது. வலி வந்த கால் தயங்கத் தொடங்கினால், அலையும் தயங்கித் தயங்கி வருகிறது. பாஸ், பெஹ்ரிங்கர் இரண்டிலும் அகலமான மிதி இருப்பதால் பாதத்தின் முன்பகுதி முழுவதும் பரவி உட்கார்கிறது. ஆர்மோனியத்தில் துருத்தியைத் தள்ளும் கைக்கு இருக்கும் நிதானம் அப்போது காலுக்கும் கிடைக்கிறது.

தனியாக ஒரு வைப்ரேட்டோ பெடலுக்குச் செலவு செய்ய விரும்பாதவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. பாஸ் சிஇ-2டபிள்யூ என்ற கோரஸ் பெடலின் சுவிட்சில் 1976-இல் வந்த சிஇ-1-இன் வைப்ரேட்டோவும் ஒரு நிலையாக அமைந்திருக்கிறது. வால்ரஸ் ஆடியோவின் ஜூலியா பெடலில் நேர் ஒலி, கோரஸ், வைப்ரேட்டோ மூன்றுக்கும் இடையே ஒரே குமிழைத் திருப்பிச் செல்லலாம். இதற்குக் காரணம் எளியது: அசையும் ஒலியோடு அசையாத மூல ஒலியையும் கலந்தால் கோரஸ், மூல ஒலியை முழுவதும் நீக்கினால் வைப்ரேட்டோ. ஆனால் இவற்றில் ரைஸ் டைம் கிடையாது. யூனி-வைப் வகைப் பெடல்களிலும் வைப்ரேட்டோ என்ற நிலை உண்டு. 1960-களின் பிற்பகுதியில் ஜப்பானின் ஷின்-ஏ நிறுவனத்துக்காக ஃபுமியோ மியெதா வடிவமைத்த அந்தக் கருவி, ஒரு சிறு விளக்கையும் நான்கு ஒளி உணரிகளையும் கொண்டு வேலை செய்வது; 1969-இல் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் உட்ஸ்டாக் மேடையில் வாசித்ததால் பெயர் பெற்றது. அதன் அழகு தனி, ஆனால் தெளிவான சுருதி அசைவைத் தேடுபவர் அதில் திருப்தி அடையமாட்டார். நம் ஊரில் பலர் வைத்திருக்கும், பல பெடல்களின் வேலையை ஒன்றாகச் செய்யும் மல்டி எஃபெக்ட் கருவிகளில் வைப்ரேட்டோ இருந்தால், செலவு செய்யும் முன் ஒரு மாதம் அதிலேயே பழகிப் பார்ப்பது அறிவுடைமை.

கோரஸைப் பற்றி மேலே சொன்னதில் மேடைக்கான ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. கீபோர்டு வாசிப்பவர் அதே ஸ்வரத்தை அசையாமல் பிடித்திருக்கும்போது நீங்கள் ஆழமான வைப்ரேட்டோ போட்டால், இரண்டு ஒலிகளும் மைக்செட்டில் கலந்து சுருதி பிசகியதுபோல் கேட்கும். ஆலயத்தில் சபையார் அனைவரும் சேர்ந்து கீர்த்தனை பாடும்போது இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. நூறு பேர் சேர்ந்து பிடிக்கும் சுருதியைக் கிட்டார் அசைத்துக்கொண்டிருந்தால் பின்வரிசையில் இருப்பவர்கள் தடுமாறுகிறார்கள். நான் பாட்டின் முகப்பு இசையிலும், இரண்டு சரணங்களுக்கு நடுவிலும் மட்டும் மிதிக்கிறேன். பாடும்போது காலை எடுத்துவிடுகிறேன். இணைக்கும் வரிசையில் ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் பெடலுக்குப் பின்னும், எதிரொலி தரும் டிலே பெடலுக்கு முன்னும் வைப்பது என் காதுக்குப் பொருந்துகிறது.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்றும் 9 வோல்ட் கேட்பவை, பிளக்கின் நடுமுனை மைனஸாக இருக்க வேண்டும். தெருக்கடையில் வாங்கிய ஓர் அடாப்டரை ஜெனரேட்டர் மின்சாரத்தில் இணைத்த அன்று, இரைச்சல் வந்து பெடலின் மேல் பழி விழுந்தது; அடாப்டரை மாற்றியதும் இரைச்சல் நின்றது. பெடலுக்குச் செலவழிக்கும் தொகையில் ஒரு பங்கை நல்ல அடாப்டருக்கு ஒதுக்கிவிடுங்கள்.

திருநெல்வேலியிலும் பாளையங்கோட்டையிலும் உள்ள கடைகளில் நான் கண்டவரை வைப்ரேட்டோ பெடல் தயாராக இருப்பது அரிது. சொல்லி வரவழைக்க வேண்டும், அல்லது இணையத்தில் வாங்க வேண்டும். சென்னைக்குப் போகிறவர்கள் நேரில் வாசித்துப் பார்த்து வாங்கலாம். அப்படிச் சோதிக்கும்போது பிக்கப்புகளையும் ஆம்ப்பையும் மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல், ஒரே திறந்த கம்பியை மீட்டுங்கள். செல்போனில் ட்யூனர் செயலியைத் திறந்து வையுங்கள். அலை மெதுவாக இருக்கும்போது முள் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் சமமாகப் போகிறதா என்று பாருங்கள். ஆழத்தை முழுவதும் குறைத்தால் ஒலி, பெடல் இல்லாததுபோல் சத்தம் மாறாமல் இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, அன்லாட்ச் நிலையில் பத்து முறை மிதித்து எடுங்கள். ஒவ்வொரு முறையும் அலை வருவதற்கும் போவதற்கும் காது கொடுங்கள். கடையில் இருப்பவர்கள் விநோதமாகப் பார்த்தாலும் பரவாயில்லை.

நண்பரின் பெடலைத் திருப்பிக் கொடுத்த பிறகு, ஆறு மாதம் யூவி300-ஐயே வாசித்துக்கொண்டு பணம் சேர்த்து, விபி-2டபிள்யூ வாங்கினேன். வேகக் குமிழ் நடுவில், ஆழம் கால் பங்கு, ரைஸ் டைம் நடுவுக்குச் சற்று மேலே என்று வெள்ளை நெயில் பாலிஷால் மூன்று புள்ளிகள் வைத்திருக்கிறேன். மேடை விளக்கு அணைந்திருந்தாலும் அவை கண்ணுக்குத் தெரிகின்றன. யூவி300-ஐக் குழுவில் புதிதாகச் சேர்ந்த பையனிடம் கொடுத்துவிட்டேன். அவன் இப்போது ரைஸ் குமிழை முழுவதும் திருப்பி வைத்து, அலை வருவதற்குள் காலை எடுத்துவிடுகிறான்.